வாடகை வீட்டில் கேஸ் ஃபயர்பிளேஸ் இருக்கிறதா? சுவிட்சைத் தட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

குளிர் நாட்டுக்கு வந்து முதல் வீட்டின் சாவியை வாங்கி உள்ளே போனால், கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பெட்டி, அதற்குள் நாலைந்து விறகுக் கட்டைகள். சுவிட்சைத் தட்டினால் குப்பென்று தீ. வீட்டுக்குள் கணப்பு வைத்துப் பழகாத ஆட்கள் இதைப் பார்த்ததும் ஒன்று பயந்துபோய் கிட்டேயே போக மாட்டார்கள், இல்லை என்றால் டிவி மாதிரி நினைத்துப் போட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

முதலில், அந்தக் கட்டைகள் மரம் இல்லை. செராமிக் நாரிலோ சிமென்டிலோ செய்து வண்ணம் பூசியவை, எரிவது முழுக்க கேஸ்தான். பெரும்பாலான புது வீடுகளில் இருப்பது டைரக்ட் வென்ட் வகை: ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், வெளிக்குழாய் வழியாகத் தெருக் காற்று உள்ளே வரும், உள்குழாய் வழியாக எரிந்த காற்று வெளியே போகும், நடுவில் உங்கள் அறைக் காற்றுக்கு வேலையே இல்லை. இந்த ஏற்பாடு முழுவதும் முன்பக்கக் கண்ணாடி இறுக்கமாக மூடியிருப்பதை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் கண்ணாடியில் விரிசல் விழுந்தால், அல்லது அதைச் சுற்றியிருக்கும் கயிறு மாதிரியான கேஸ்கெட் பிய்ந்து தொங்கினால், சரிசெய்யும் வரை பற்ற வைக்காதீர்கள்.

சரி, தட்டினாலும் எரியவில்லை என்றால்? பழைய மாடலாக இருந்தால் பைலட் சுடர் (பெரிய தீயைப் பற்ற வைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர்) அணைந்திருக்கும். கீழே ஒரு தட்டு இருக்கும், அதைத் திறந்து, தரையில் கிட்டத்தட்ட படுத்து, ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் ஒரு குமிழ் தெரியும். ஏற்கெனவே முயற்சி செய்து பார்த்திருந்தால் குமிழை ஆஃபில் வைத்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், தேங்கிய கேஸ் போகட்டும். அப்புறம் குமிழைப் பைலட்டுக்குத் திருப்பி, உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பொத்தானை டக் டக் என்று தட்ட வேண்டும். விரல் நுனி அளவுக்குச் சின்ன நீலச் சுடர் வரும். வந்தவுடன் கையை எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை கட்டைவிரல் வலித்தாலும் விடக்கூடாது. அந்தச் சுடர் நக்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கம்பிதான் தெர்மோகப்பிள். அது சூடாகி, சில மில்லிவோல்ட் மின்சாரத்தைத் தானே உண்டாக்கி, அதை வைத்துத்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடிக்கிறது. சுடர் அணைந்தால் கம்பி ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஒரு நிமிடம் பிடித்த பிறகும் விட்டவுடன் அணைகிறது என்றால் அந்தக் கம்பியில் அழுக்கோ கோளாறோ இருக்கலாம், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த மில்லிவோல்ட் ஏற்பாட்டில் ஒரு நல்லது, பனிப்புயலில் கரண்ட் போனாலும் தீ எரியும். பைலட் எப்போதும் எரியாமல் தேவைப்படும்போது மட்டும் பொறி விடும் புது மாடல்களுக்கு, கரண்ட் போகும் நேரத்துக்கென்று பேட்டரிப் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று பகலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது, கட்டைகள் ஏனோ கோணலாக இருப்பதாகப் பட்டது, அழகாக அடுக்கி வைத்தேன். இரண்டே வாரத்தில் கண்ணாடி முழுக்கக் கரி, தீயும் நீளமாக ஆரஞ்சு நிறத்தில் ஆடுகிறது, பார்க்க என்னவோ பிரமாதமாகத்தான் இருந்தது. வந்த டெக்னீஷியன் சிரித்துவிட்டார். ஒவ்வொரு கட்டைக்கும் இந்த இடம், இந்த முனை இந்தக் குழியில் என்று கையேட்டில் படமே போட்டிருக்கிறார்களாம். நான் மாற்றி வைத்ததில் சுடர் நேராகக் கட்டையில் மோதி, முழுதாக எரியாமல் கரியாகியிருக்கிறது. இந்த வகைத் தீ கொஞ்சம் மஞ்சளாக எரிவது இயல்புதான், அடியில் நீலமாக இருந்தால் போதும். கரி படிந்தால் மட்டும் ஏதோ சரியில்லை, நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கரி வேறு, வெள்ளைப் படலம் வேறு. பற்ற வைத்த முதல் சில நிமிடங்களில் கண்ணாடியில் ஆவி படர்ந்து மறையும், அது கேஸ் எரியும்போது உண்டாகும் நீராவி. அது காய்ந்து காய்ந்து நாளடைவில் வெள்ளையாகப் படியும். அப்படியே விட்டால் கண்ணாடியை அரித்து நிரந்தரக் கறையாகிவிடும், அதனால் குளிர்காலத்தில் ஒன்றிரண்டு முறையாவது துடையுங்கள். முழுதாக ஆறிய பிறகு, ஃபயர்பிளேஸ் கண்ணாடிக்கென்றே விற்கும் க்ளீனரால் துடையுங்கள். ஜன்னலுக்கு அடிக்கும் அமோனியா கலந்த நீல திரவம் வேண்டாம். மற்றபடி அடியில் இருக்கும் விசிறியில் சேரும் தூசியையும், செல்லப்பிராணி இருந்தால் முடியையும் வேக்குவம் போட்டு எடுங்கள். பர்னர், வால்வு, கேஸ் குழாய் இதிலெல்லாம் கை வைக்காதீர்கள், வருடத்துக்கு ஒரு தடவை உரிமம் உள்ள ஆள் வந்து பார்க்கட்டும். குளிர் ஆரம்பித்த பிறகு கூப்பிட்டால் தேதி கிடைக்காது, கோடையிலேயே கேளுங்கள்.

விறகு வைத்த கணப்புதான் அழகு, அதில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். சடசடக்கும் சத்தமும் வாசனையும் கேஸில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறந்த விறகுக் கணப்பு வீட்டைச் சூடாக்குகிறது என்பது பாதி உண்மைதான். முன்னால் உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், அதே நேரம் ஹீட்டர் சூடாக்கி வைத்த அறைக் காற்றையெல்லாம் அது உறிஞ்சிப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும், பக்கத்து அறை முன்பைவிடக் குளிரும். விறகின் வெப்பத்தில் சுமார் 15 சதவீதம் அறைக்குக் கிடைத்தாலே பெரிது. மூடிய கேஸ் வகையில் 60 முதல் 80 சதவீதம் வரை கிடைக்கும். (கதவு போட்டு மூடிய நவீன இரும்பு விறகு அடுப்பு வேறு கதை, அது நன்றாகவே சூடு தரும்.) அதோடு விறகு என்றால் வேலை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி மாதக்கணக்கில் காய வேண்டும், ஈர விறகை எரித்தால் புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார் மாதிரியான பிசின் படியும், ஒருநாள் அதுவே பற்றிக்கொண்டால் புகைபோக்கி முழுவதும் எரியும். சாம்பலும் சாதாரணம் இல்லை, அணைந்தது போல் தெரியும் கங்கு இரண்டு மூன்று நாள் உள்ளே உயிரோடு இருக்கும், அட்டைப்பெட்டியில் கொட்டி வராந்தாவில் வைத்து வீட்டையே எரித்தவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விறகுப் புகையின் நுண்துகள் நேராக நுரையீரலுக்குப் போகும். கேஸும் சுத்த பத்தம் ஒன்றும் இல்லை, எரிவது புதைபடிவ எரிபொருள்தான், ஆனாலும் வீட்டுக்குள் மூச்சு விடுபவருக்கு வித்தியாசம் பெரிது.

கேஸின் உண்மையான ஆபத்து வேறு. கேஸ் முழுதாக எரியாதபோது உண்டாகும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று சளிக்காய்ச்சல் மாதிரியே வரும், வெளியே போனால் குறையும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அப்படி இருந்தால் உடனே வெளியே வந்து அவசர எண்ணுக்கு அழையுங்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில் அலாரம் இருக்க வேண்டும், அதன் பின்பக்கத்தில் காலாவதித் தேதி போட்டிருக்கும், வீட்டுக்காரர் மாட்டியது என்று நம்பி விடாமல் கழற்றிப் பாருங்கள். கேஸ் கசிவு என்றால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கண்டுபிடிப்பதற்கென்றே சேர்த்த மணம். அப்போது எந்த சுவிட்சையும் தொடாமல், வெளியே போன பிறகுதான் ஃபோனை எடுக்க வேண்டும்.

தவழும் குழந்தை இருந்தால் கண்ணாடிக்கு முன்னால் கம்பி வலைத் திரை கட்டாயம். எரியும்போது கண்ணாடி 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும், அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இறங்காது, பளபளப்பைப் பார்த்துக் குழந்தை இரண்டு உள்ளங்கையையும் அதில்தான் வைக்கும். சோபா, திரைச்சீலை, காயப்போட்ட துணி எல்லாம் ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, பெரிய பனிப்பொழிவு முடிந்த காலையில் வீட்டைச் சுற்றிப் போய், வெளிச்சுவரில், எரிந்த காற்று வெளியே போகும் அந்தக் குழாயின் மூடியைப் பாருங்கள். பனி மூடியிருந்தால் முதலில் உள்ளே தீயை அணையுங்கள், அப்புறம் கையால் தள்ளிவிடுங்கள், மண்வெட்டியால் இடித்து மூடியை நசுக்க வேண்டாம்.