மலையில் வாங்கி, கடலோரத்தில் விற்கும் காபி: தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாண்டிக்குடிப் பக்கமோ ஏற்காட்டுப் பக்கமோ போய், ஒரு காபித் தோட்டக்காரரோடு அரைநாள் சுற்றிவிட்டு வந்தால் போதும். மலை இறங்குவதற்குள் நம் மனதில் ஒரு கடை திறந்துவிடும். பெயர்ப்பலகைகூட முடிவாகிவிடும். ராமேசுவரம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் அப்படி ஒரு கடை வருவது நல்ல விஷயம், வரட்டும். ஆனால் 'நிலைத்த வியாபாரம்', 'இயற்கைக்கு இசைந்த காபி' என்றெல்லாம் சொல்லிக்கொள்ள விரும்புகிறவர் தன்னிடமே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இதே விவசாயியிடம், அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில், அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் என்னால் வாங்க முடியுமா? அதைக் கெடுக்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். அவற்றில் பாதி மலையில் நடக்கின்றன, மீதி நம் ஊரில்.

மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

நாம் மலைக்குப் போவது பெரும்பாலும் கோடை விடுமுறையில். அப்போது செடியில் பூ முடிந்து பிஞ்சுதான் இருக்கும். பழம் பறிப்பதையும் பார்க்க முடியாது, களத்தில் காய்வதையும் பார்க்க முடியாது. தோட்டக்காரர் அன்போடு கொடுத்த ஒரு டம்ளர் காபியை நம்பி மூட்டைக் கணக்கில் முன்பணம் கொடுப்பது பெரிய தவறு. அரபிகா வகைக் காபியின் பறிப்பு நடக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை ஒருமுறையாவது போங்கள். தங்க முடிந்தால் இரண்டு நாள் தங்குங்கள்.

போனால் என்ன பார்ப்பது? கூடையில் சிவந்த பழம் மட்டும் இருக்கிறதா, பச்சைக்காயும் சேர்த்து உருவியிருக்கிறார்களா என்று பாருங்கள். பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோல் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு ராத்திரி குவியலில் கிடந்த பழம் புளித்துவிடும், அந்தப் புளிப்பு கோப்பை வரை வரும். பிறகு களத்துக்கு வந்து, காய்கிற பார்ச்மென்ட் கொட்டையை (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு இருக்கும் கொட்டை) ஒரு கை அள்ளிக் குலுக்குங்கள். நன்றாகக் காய்ந்தது கலகலவென்று ஓசை தரும். மேல்தோலை நகத்தால் கீறினால் நொறுங்கி விழும், உள்ளே கொட்டை நீலம் கலந்த பச்சையாக இருக்கும். வெள்ளை படர்ந்தோ திட்டுத் திட்டாகவோ இருந்தால் ஈரம் சீராக இறங்கவில்லை என்று அர்த்தம். பார்ச்மென்ட் 10 சதவீத ஈரப்பதத்துக்கு வர வேண்டும் என்பது காபி வாரியத்தின் அளவு. தாண்டிக்குடியிலேயே வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அங்கே கேட்கலாம்.

பல்பர் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீர் அப்படியே ஓடையில் கலந்தால் புளித்து, நீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். குழி வெட்டித் தேக்குகிறவர் யார், ஓடையில் விடுகிறவர் யார் என்று பார்த்தாலே தோட்டத்தின் போக்கு பாதி தெரிந்துவிடும். மீதியை நிழல் மரங்கள் சொல்லும். பலாவும் அத்தியும் ஆரஞ்சும் மிளகுக் கொடியும் கலந்து நிற்கிற தோட்டம் வேறு, சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நட்ட தோட்டம் வேறு. நிழல் குறைந்த இடத்தில் அரபிகாவைத் தண்டுத்துளைப்பான் வண்டு சுலபமாகப் பிடித்துவிடும்.

கிலோ விலையை மட்டும் பார்ப்பது

'நேரடிக் கொள்முதல், தரகர் இல்லை, அதனால் லாபம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் எடை இழப்பை மறந்துவிடுகிறார்கள். 100 கிலோ பார்ச்மென்ட் வாங்கினால், தோல் நீக்கிய பச்சைக்கொட்டை சுமார் 80 கிலோதான் வரும். வறுக்கும்போது இன்னும் 15 முதல் 20 சதவீதம் போகும். உங்கள் கைக்கு வருவது 64 முதல் 68 கிலோ. இதில் உடைசல், கறுப்புக் கொட்டை பொறுக்கியது தனி. இந்தக் கணக்கைப் போடாமல் கடையைத் திறந்தவர், நஷ்டம் தெரிந்ததும் முதலில் கை வைப்பது விவசாயிக்குக் கொடுக்கும் விலையில்தான்.

விலை நம் கையிலும் இல்லை, விவசாயி கையிலும் இல்லை. அரபிகாவுக்கு நியூயார்க் சந்தையும், இன்னொரு காபி வகையான ரோபஸ்டாவுக்கு லண்டன் சந்தையும்தான் விலை சொல்கின்றன. பிரேசிலில் மழை பொய்த்தால் நம் மலைக் காபி ஊரான பண்ணைக்காட்டில் விலை ஏறும். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அப்படி ஏறும் காலத்தில் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் நிற்காது, அதற்காக விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு அடிப்படை விலை, அதற்கு மேல் சந்தை விலையோடு இவ்வளவு கூடுதல் என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். விலை இறங்கும் வருடத்திலும் அந்த அடிப்படை விலையைக் கொடுக்க உங்களால் முடிய வேண்டும். முடியாது என்றால் குறைவாக வாங்குங்கள். அப்புறம், சரக்கை எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். பறிப்புக் காலத்தில் வாரா வாரம் கூலி கொடுக்க அவருக்கு ரொக்கம் வேண்டும். அந்த நேரத்துப் பணத்துக்குத்தான் அவரிடம் மதிப்பு.

பழம் பறிக்கிறவர்களின் கூலியைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்க வேண்டியதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைப் பக்கத்து ஏழைகள் இந்தக் கரையில் தோணி ஏறி மன்னார் போனார்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கண்டி மலையில் காபித் தோட்டங்களை உண்டாக்கியது அவர்களுடைய உழைப்பு. நடக்கும் வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1869-இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தத் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு மாறின. காபி முதலாளி லாபம் பார்த்த காலத்திலும் கூலிக்காரர் கணக்கில் கடன்தான் நின்றது. அந்தக் கரையிலிருந்து காபி விற்கப் போகிறவர், தோட்ட முதலாளியின் கதையை மட்டும் பாக்கெட்டில் அச்சடித்தால் நியாயமாகாது.

கடல்காற்றைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது

பச்சைக்கொட்டை ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். மலையில் 10 சதவீதத்துக்கு இறக்கிக் கொண்டுவந்த கொட்டை, பாம்பனிலோ மண்டபத்திலோ வெறும் சணல் மூட்டையில் கிடந்தால் மெல்ல ஈரம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழை வரும்போது நிறம் வெளுத்து, பூஞ்சை வாடை அடிக்கத் தொடங்கும். வறுத்தாலும் அந்த வாடை போகாது. வருடத் தேவை முழுவதையும் மாசியில் வாங்கி இங்கே அடுக்குவதை விட, மலையிலோ மதுரையிலோ நல்ல குடோனில் வைத்து மாதம் ஒருமுறை கொண்டுவருவது மேல். இங்கே வைக்கும் சரக்குக்குக் காற்றுப்புகாத உள்ளுறை அவசியம். மூட்டை தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மேல் இருக்க வேண்டும்.

குடோனுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊரில் வாடகை மலிவாகக் கிடைக்கும் இடம் பல நேரம் கருவாட்டுக் குடோனை ஒட்டித்தான் இருக்கும். முண்டு மிளகாய் ஏற்றும் லாரியில் காபி மூட்டையையும் போட்டு அனுப்புவார்கள், செலவு மிச்சம் என்று. இரண்டையும் செய்யாதீர்கள்.

வறுக்கும் இயந்திரத்தை முதல் வருடமே வாங்க வேண்டாம். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மதுரையில் கூலிக்கு வறுத்துத் தருகிறவர்களிடம் கொடுத்து, எந்த வறுவல் விற்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

தண்ணீருக்கு வருவோம். கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, அதில் எந்தக் காபியும் தேறாது. உடனே ஆர்.ஓ. போட்டுவிடுவார்கள். உப்பெல்லாம் நீங்கிய வெறும் தண்ணீரிலும் டிகாஷன் சப்பென்று இறங்கும். கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருந்தால் காபிக்கு நல்லது. கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, காவிரிக் கூட்டுக் குடிநீரையும் ஆர்.ஓ. நீரையும் கலந்து சரி செய்துகொள்ளலாம். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைகிற மாவட்டம் இது. ஆர்.ஓ. கழிவுநீரைச் சாக்கடையில் விடும் கடை 'இயற்கைக்கு இசைந்தது' என்று பலகை வைக்கக் கூடாது. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அதைத் திருப்பிவிட வழி செய்யுங்கள்.

குடிக்கிறவர் யார் என்று பார்க்காமல் இருப்பது

அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயில் தீர்த்தங்கள் 22-லும் நனைந்து வெளியே வருகிறவருக்குச் சூடான பால் காபி வேண்டும். அவரிடம் இளவறுவல் கட்டங்காபியின் பழச்சுவையை விளக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. கீழக்கரையில் வெளிநாடு போய் வந்த குடும்பங்களில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நடுத்தர வறுவலில் அரபிகாவோடு கொஞ்சம் ரோபஸ்டா சேர்த்தால் பாலோடு நிற்கும். சிக்கரியை இழிவாக நினைக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது.

மலை விவசாயியைத் தேடிப் போகிறவர்கள் சாயல்குடிப் பக்கத்துப் பனையேறியை மறந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். கருப்பட்டிக் காபி இந்த மண்ணின் காபி. கடையில் மலிவாகக் கிடைக்கும் சீனி கலந்த கருப்பட்டியை வாங்கி, 'பாரம்பரியக் கருப்பட்டிக் காபி' என்று விற்றால் அது இரண்டு உற்பத்தியாளர்களையும் ஏமாற்றும் வேலை. பதநீர்க் காலத்திலேயே காய்ச்சும் இடத்துக்குப் போய், பாகு பதம் பார்த்து, வருடத்துக்குத் தேவையானதைப் பேசி வாங்குங்கள். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரியக்கூடும், டிகாஷனில் கரைத்து வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை விஷயத்தில் பேச அதிகம் இல்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நம் வாசலில் இருக்கிறது. டபரா டம்ளர், கண்ணாடி டம்ளர், கழுவ ஓர் ஆள் சம்பளம் என்று முதல் நாளிலிருந்தே செலவில் எழுதிவிடுங்கள்.

பாக்கெட்டில் கைவந்ததை எழுதுவது

'ஆர்கானிக்' என்று போட வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். தோட்டக்காரர் 'மருந்து அடிக்கிறதே இல்லை தம்பி' என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது சான்றிதழ் ஆகாது. சான்றிதழ் இல்லாதவரிடம் வாங்கினால் ஊர், பறித்த மாதம், வறுத்த தேதி, பதப்படுத்திய முறை ஆகியவற்றை எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்து, உங்களால் நிரூபிக்க முடிந்தவை அவைதான். விவசாயியின் படத்தைப் போடுவதென்றால் அவர் சம்மதத்தை முன்கூட்டியே வாங்குங்கள், அச்சான பாக்கெட்டை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வருடம் அவரிடம் வாங்க முடியாமல் போய், வேறு தோட்டத்துக் கொட்டையை எடுத்தால், பழைய பாக்கெட் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்தப் படத்தோடு விற்காதீர்கள். ஒட்டுத்தாளாக அடித்தால் இந்தச் சிக்கலே வராது. பை பொதுவாக இருக்கும், ஒட்டுத்தாள் மட்டும் சரக்குக்குச் சரக்கு மாறும்.