பில் தயாரிப்பதைத் தானியங்கி ஆக்கினேன்: என் அனுபவம்
தனியாக வடிவமைப்பு வேலை செய்கிறேன். மாதக் கடைசியில் பழைய பில்லைத் திறந்து பெயரையும் தொகையையும் மாற்றுவதிலேயே பொழுது போகும். இப்போது கூகுள் ஷீட்டில் ஒரு பில்லுக்கு ஒரு வரி. கூகுள் டாக்ஸில் ஒரு மாதிரி பில். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் ஷீட், டாக்ஸை இயக்கும் சிறு நிரல்) மாதிரியை நகலெடுத்து, விவரங்களை நிரப்பி, பிடிஎஃப் ஆக்கிவிடுகிறது.

முதலில் இரண்டு தொல்லைகள் வந்தன. தேதி 01-04-2025 என்று வராமல், நேர மண்டலத்தோடு நீளமான ஆங்கில வரியாக வந்தது. 1,25,000-இல் காற்புள்ளிகளைக் காணோம். ஸ்கிரிப்ட்டில் 'கெட் வேல்யூஸ்' இருந்த இடத்தில் 'கெட் டிஸ்ப்ளே வேல்யூஸ்' போட்டதும் ஷீட்டில் கண்ணுக்குத் தெரிவது அப்படியே பில்லுக்கு வந்தது. அப்புறம், பிடிஎஃப்-இல் பெயருக்குப் பதில், மாதிரியில் அந்த இடத்தைக் காட்ட வைத்திருந்த குறிச்சொல்லே நின்றது. பிடிஎஃப் எடுக்கும் முன் 'சேவ் அண்ட் க்ளோஸ்' என்ற வரியைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றங்கள் சேமிக்கப்படாத நகல்தான் பிடிஎஃப் ஆகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வரிக் கணக்குதான். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. அது என் மாநிலமான தமிழ்நாட்டின் 33 என்றால், என் சேவைக்கான 18% வரி மத்திய, மாநில ஜிஎஸ்டியாக 9%, 9% எனப் பிரியும். வேறு மாநிலம் என்றால் மொத்தமும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி. ஷீட்டில் ஒரே 'இஃப்' சூத்திரம் போதும்.

பில் எண்ணையும் ஷீட்டே தரட்டும். அது 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, ஒரே நிதியாண்டில் திரும்ப வரவும் கூடாது.