சிவானந்தரின் பஜனையும் நம் தோட்டக் கோயில்களில் நடக்கும் தவறுகளும்

மலேசியாவில், சிரம்பானை அடுத்த ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஜால்ரா தட்டி வளர்ந்தவள் நான். ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த துறவி சுவாமி சிவானந்தர் என்றால் எங்கள் ஊரில் தனி உரிமை உண்டு. பத்தமடையில் பிறந்து, 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் வட்டாரத்தில் தோட்ட மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். பிறகு ஜொகூர். 1923-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டே ரிஷிகேசத்தில் துறவு பூண்டார்.

துறவுக்குப் பிறகுதான் அவர் பஜனைக்கு வந்தார் என்று நினைப்பது முதல் தவறு. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மலாயா நாள்களிலேயே அவர் பஜனை பாடினார். காவி அதற்குப் பிறகு வந்ததுதான்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. நாமம் சொல்கிறேன் என்று வேலையிலிருந்து ஒதுங்குவது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க ஆளில்லை; மருமகள் ஜபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். சிவானந்தர் 1927-இல், தமக்கு வந்த காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு ரிஷிகேசத்தை அடுத்த லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கினார். அவர் பாடிக்காட்டிய ஒரு பாட்டில், கொஞ்சம் உண்பது, கொஞ்சம் உறங்குவது, கொஞ்சம் தொண்டு செய்வது என்ற வரிசையிலேதான் ஜபமும் கீர்த்தனையும் வருகின்றன. தொண்டு செய்வதை விட்டுவிட்டு ஜபத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது அவர் காட்டிய வழியாகாது.

அந்தப் பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்பவர்களுக்குப் புரியட்டும் என்று கீர்த்தனையோடு ஆங்கில வரிகளைக் கலந்து பாடினார். நாமோ பொருள் சொல்லாமலே பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடச் சொல்கிறோம். பாடுவதற்கு முன் ஒரு நாமத்தின் பொருளையாவது தமிழில் சொல்லிக் கொடுங்கள். மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மலாயில் சொன்னாலும் குற்றமில்லை.

அடுத்தது ஸ்பீக்கர். பென்டிரைவைச் செருகிவிட்டு, குருக்கள் உள்ளே, நிர்வாகத்தார் வெளியே. யார் வாயும் அசையாது. 1943 டிசம்பர் 3-இல் ரிஷிகேச ஆசிரமத்தில் தொடங்கிய அகண்ட கீர்த்தனை இரவும் பகலும் தொடர்கிறது என்றால், ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து வாய்விட்டுப் பாடுவதால்தான். அதைப் பார்த்து நாமும் இருபத்துநான்கு மணி நேரம் வைப்போம் என்று கிளம்புவதும் சரியில்லை. தோட்டத்து லயன் வீடுகள் காலியாகி, சனம் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குப் போய்விட்ட ஊரில், விடியற்காலை ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகும் ஐந்தாறு பெண்கள்தான் விடிய விடியக் கண்விழிக்க வேண்டியிருக்கும். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் அரை மணி நேரம் போதும். பாடத் தொடங்குபவர் தம் குரலுக்கு வாகான சுருதியைப் பிடித்தால், பின்னால் பாட்டிமார்களுக்குத் தொண்டை கட்டும். கூட்டத்துக்கு எட்டும் சுருதியாகத் தாழ்த்திப் பிடியுங்கள்.

நோட்டில் மந்திரம் எழுதும் லிகித ஜபத்தையும் அவர் வற்புறுத்தினார். அதைப் பிள்ளைகளுக்குத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தொடர் நாடகம் பார்த்துக்கொண்டே எழுதாதீர்கள். பேசாமல், ஓரிடத்தில், நாளும் அரை மணி நேரம் என்பதே அவர் சொன்ன முறை. எழுத்து தமிழாகவே இருக்கலாம். எங்கள் அம்மா பழைய பள்ளி நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்து, அதில்தான் எழுதுவார்.