முப்பது பேர் விருந்துக்கு வீட்டிலேயே ஐஸ் தயாரிக்கும் முறை

வடசென்னையில் வீட்டு விசேஷம் என்றால் பெரும்பாலும் மொட்டை மாடிதான். சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை ஆறு மணிக்கும் தளம் சூடு ஆறாமல் இருக்கும் அந்த மாடியில், ரோஸ் மில்க், நன்னாரி சர்பத், எலுமிச்சை ஜூஸ், பன்னீர் சோடா ஆகியவற்றை முப்பது பேருக்குக் குளிர்ச்சியாகக் கொடுப்பது எப்படி என்பதை, முதன்முறையாகச் செய்பவர்களுக்கு ஏற்றபடி இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பானத்தை முன்கூட்டியே குளிர வையுங்கள்

ஐஸைப் பற்றிப் பேச வந்து பானத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. 32 டிகிரி செல்சியஸில் இருக்கும் 200 மில்லி சர்பத்தை 7 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 60 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது சர்பத்தின் அளவில் கால் பங்குக்கும் மேலாக வெறும் தண்ணீர் சேர்ந்துவிடும். அதே சர்பத்தை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 10 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தால், 10 கிராம்கூடத் தேவைப்படாது. “ஐஸ் போட்டதும் சப்பென்று ஆகிவிட்டது” என்று விருந்தினர் முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பானத்தைக் குளிர்விக்கும் வேலையைப் பெட்டி செய்யட்டும். குளிர்ந்ததை அப்படியே காக்கும் வேலை மட்டும் ஐஸுக்குப் போதும்.

இரண்டாம் படி: தண்ணீர்

உறைய வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்ற எண்ணம் தவறு. பல கிருமிகள் உறைநிலையில் உயிரோடு தங்கி, ஐஸ் உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும். ஆகவே மெட்ரோ தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும், தளதளவெனக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த பிறகே ட்ரேயில் ஊற்றுங்கள்.

வெளியே வாங்குவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் கிடைக்கும் பார் ஐஸ் (பெரிய பாளமாக விற்கும் ஐஸ்) மீனைக் கெடாமல் வைப்பதற்கானது. குடிக்கும் பானத்தில் போடுவதற்கானது அன்று. உண்ணத் தகாத ஐஸ் பார்த்ததும் தெரியும்படி நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் அறிவுறுத்தியது. அதற்காக, வெள்ளையாக இருப்பதெல்லாம் குடிக்கத் தக்கது என்று முடிவுசெய்துவிட வேண்டாம். பார் ஐஸை வாங்கினாலும் மூடிய பாட்டில்களைச் சுற்றி அடுக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அப்படிக் குளிர்ந்த பாட்டிலைத் திறக்கும் முன் நல்ல தண்ணீரில் வெளிப்புறத்தைக் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு, எப்போது?

ஓர் ஆளுக்கு இரண்டு கிளாஸ், ஒரு கிளாஸுக்கு நான்கு கட்டி, ஒரு கட்டி சுமார் 20 கிராம் என்று கொண்டால், முப்பது பேருக்கு 4.8 கிலோ ஆகிறது. உருகி வீணாவதற்கும் சேர்த்து 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு குழி உள்ள ட்ரேயில் ஒரு தடவைக்கு 280 கிராம்தான் கிடைக்கும். இரண்டு ட்ரேயை நாளுக்கு மூன்று முறை நிரப்பினாலும் நான்கு நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குப் புதன்கிழமை காலையே தொடங்கிவிடுங்கள். உறைந்த கட்டிகளை உடனுக்குடன் கெட்டியான புதுப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி ஃப்ரீசரின் அடியில் வையுங்கள்.

பையை இறுகக் கட்டச் சொல்வது என் சொந்த அனுபவத்தால். சென்ற ஆண்டு என் மகள் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் திறந்த ட்ரேயிலேயே ஐஸை விட்டுவைத்தேன். அதே ஃப்ரீசரில் காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த வஞ்சிரமும் கீழ்த்தட்டில் இரண்டு முழம் மல்லிகையும் இருந்தன. அன்று பரிமாறிய எலுமிச்சை ஜூஸில் இரண்டின் மணமும் இருந்தது. எது மேலோங்கியிருந்தது என்பதில் என் மாமியாருக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

நான்காம் படி: பெரிய கட்டி

குண்டானில் மொத்தமாகக் கலந்து வைக்கும் சர்பத்துக்குச் சிறு கட்டிகள் ஏற்றவை அல்ல. ஒரே எடையுள்ள ஐஸ் பல சிறு துண்டுகளாக இருந்தால் வெளிப்பரப்பு கூடி விரைவாக உருகும். ஒரே பாளமாக இருந்தால் நெடுநேரம் நிற்கும். ஒரு லிட்டர் எவர்சில்வர் டப்பாவில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடாமல் உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுவதால் விளிம்புவரை நிரப்பக் கூடாது. கண்ணாடிப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் டப்பாவின் அடியில் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் பாளம் கழன்று விழும்.

கட்டியின் நடுவே வெள்ளையாகத் தெரிவது தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்புகளும்தான். எல்லாப் பக்கமிருந்தும் உறைவதால் அவை நடுவில் சிக்கிக்கொள்கின்றன. கண்ணாடிபோல் தெளிவாக வேண்டுமானால், சிறிய புதுத் தெர்மாகோல் பெட்டிக்குள் பொருந்தும் டப்பாவில் தண்ணீர் நிரப்பி, பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து உறைய விடுங்கள். மேலிருந்து மட்டும் உறைவதால் கசடு அடியில் ஒதுங்கும். முழுதும் உறைவதற்குள் எடுத்து அடிப்பகுதியைக் கொட்டிவிட வேண்டும். சுவையில் பெரிய மாற்றம் இராது, பார்வைக்குத்தான் இந்த உழைப்பு.

ரோஸ் மில்க்குக்கு மட்டும் வேறு வழி சொல்வேன்: தயாரித்த ரோஸ் மில்க்கில் கொஞ்சம் எடுத்து ட்ரேயில் ஊற்றிக் கட்டியாக்கிவிட்டால், எவ்வளவு உருகினாலும் நீர்த்துப்போகாது.

ஐந்தாம் படி: மாடிக்குக் கொண்டுபோதல்

மெட்ராஸுக்கு ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஐஸ் வந்தது. மரத்தூளில் பொதிந்து கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்த பாளங்களைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினா எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. மரத்தூள் அன்று செய்த வேலையை நமக்குத் தெர்மாகோல் செய்யும். மீன் வந்த பெட்டியைக் கழுவி எடுக்காமல் புதிதாக ஒன்று வாங்குங்கள். அடியில் சல்லடைத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் கட்டிகளைக் கொட்டினால், உருகிய நீர் கீழே வடிந்து, கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். மூடியை அடிக்கடி திறக்காதீர்கள்.

சோடா பாட்டில் குளிரவில்லையென்றால் அவசரத்துக்கு ஃப்ரீசரில் திணிக்காதீர்கள், வெடிக்கும். ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், இரண்டு கைப்பிடி கல்லுப்பு சேர்த்துப் பாட்டில்களை அமிழ்த்துங்கள். உப்பு சேர்ந்த ஐஸ் நீர் சுழியத்துக்கும் கீழே குளிர்வதால் கால் மணி நேரத்தில் வேலை முடியும்.

ஆறாம் படி: பரிமாறுதல்

ஐஸை எடுக்க இடுக்கியோ கரண்டியோ வேண்டும், கை கூடாது. கண்ணாடி கிளாஸால் ஒருபோதும் அள்ளாதீர்கள். விளிம்பு சிதறி உள்ளே விழுந்தால் ஐஸுக்கும் கண்ணாடிக்கும் வேறுபாடு தெரியாது, பெட்டியையே காலிசெய்ய வேண்டிவரும். முதலில் கட்டிகளைப் போட்டு, பிறகு பானத்தை ஊற்றுங்கள். பன்னீர் சோடாவுக்கு மட்டும் கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றினால் வாயு தங்கும். நன்னாரியும் எலுமிச்சையும் கரைக்கும்போதே தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால், கடைசி வாய் வரை இனிப்பு நிற்கும்.

விருந்து முடிந்தபின் தெர்மாகோல் பெட்டியில் வடிந்த நீரை மாடிச் செடிகளுக்கு ஊற்றலாம், சில்லிப்பு அடங்கிய பிறகு. உப்பு கலந்த வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும்.