அவசர மருத்துவ முதுநிலைப் படிப்பு: அரசு மருத்துவமனையை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீட் முதுநிலைத் தேர்வு முடிந்து, கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில், எம்.டி. அவசர மருத்துவம் எடுக்க நினைக்கும் இளம் மருத்துவர்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோயாளிகள் வராத இடத்தில் இந்தத் துறையைக் கற்க முடியாது. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவெடுத்துவிடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. வாசலைக் கடந்து உள்ளே போகும் கூட்டத்தில் எத்தனை பேர் அவசர மருத்துவத் துறையின் பொறுப்பில், அத்துறையின் படுக்கையில், சிகிச்சை ஒரு நிலைக்கு வரும்வரை இருக்கிறார்கள் என்பதைக் கேட்டறியாமல், கூட்டத்தின் அளவைப் பயிற்சியின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றது 2009-ல்தான். அதற்கு முன் காஷுவாலிட்டி என்பது பெரும்பாலும் ஒரு நுழைவாயிலாகவே இருந்தது. பணியிலிருக்கும் மருத்துவ அலுவலர் விபத்துப் பதிவேட்டில் எழுதி, முதலுதவி செய்து, அன்றைய பொது மருத்துவ, அறுவை அல்லது எலும்பு முறிவு யூனிட்டை அழைத்து, நோயாளியை ஒப்படைத்துவிடுவார். புதிய துறைக்கு அத்துறையிலேயே பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அப்போது இல்லாததால், மயக்க மருந்தியல், பொது மருத்துவம், அறுவை ஆகிய துறைகளிலிருந்து வந்தவர்களே தொடக்கத்தில் அதை நடத்தினார்கள். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சி வந்த பிறகு நிலைமையின் தீவிரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளை வகைப்பிரிக்கும் முறை அரசு மருத்துவமனைகளில் பரவியது. அது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தரையில் புதிய வண்ணக் கோடுகள் போட்ட பின்னும், சில இடங்களில் வேலை நடக்கும் விதம் பழைய காஷுவாலிட்டியாகவே இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி, ஒரே ஒரு நோயாளியின் பாதையைக் கேட்பது. பூச்சிக்கொல்லி மருந்து குடித்துவிட்டு, வாயில் நுரையும் நெஞ்சு முழுக்கச் சளி இரைச்சலுமாக ஒருவர் இரவு 2 மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் கொடுக்கத் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, நுரையீரல் இரைச்சல் அடங்கி, நாடித்துடிப்பும் மேல்நிலை ரத்த அழுத்தமும் 80-ஐத் தாண்டி, அக்குள் உலரும்வரை ஸ்டெத்தாஸ்கோப்பை எடுக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு மருந்துச் சொட்டின் வேகத்தை நிர்ணயிக்க வேண்டும். அட்ரோபின் மிகுந்து நோயாளி பிதற்றத் தொடங்கினால் குறைக்க வேண்டும். கழுத்துத் தசை தளர்ந்து தலையைத் தூக்க முடியாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவையும் செய்பவர் அவசர மருத்துவ மாணவரா, அல்லது அவர் முதல் இரண்டு ஆம்பூல்களைப் போட்டவுடன் டிராலி மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுகிறதா? இரண்டாவது வகை இடத்தில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நஞ்சு நோயாளிகளைப் பார்த்தவர்கூட, சிகிச்சையின் முதல் பத்து நிமிடத்தை மட்டுமே நூற்றுக்கணக்கான முறை பார்த்தவராக வெளியே வருவார். மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்தும் இன்டியூபேஷனை யார் செய்கிறார்கள், மயக்க மருந்தியல் மருத்துவருக்காகக் காத்திருக்கிறார்களா, அல்ட்ராசவுண்ட் கருவி துறையின் கையில் இருக்கிறதா அல்லது பூட்டிய அலமாரியில் இருக்கிறதா என்ற கேள்விகளும் இதே வகையைச் சேர்ந்தவை.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. “இங்கே எல்லாவற்றையும் நாமே செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று ஒரு சீனியர் பெருமையாகச் சொன்னால், அதை நிறையாக எழுதிக்கொள்ளாதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்றால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். முதலாண்டு மாணவர் செய்யும் முதல் இன்டியூபேஷனின்போது அருகில் நின்று, குழல் உணவுக்குழாயில் போயிருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும். உதவிப் பேராசிரியர் இரவில் வளாகத்தில் இருக்கிறாரா, தொலைபேசியில் மட்டும் கிடைக்கிறாரா, இறந்த நோயாளிகளின் சிகிச்சையை மறுநாள் அமர்ந்து அலசுகிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பரபரப்பான அரசு மருத்துவமனையில் வகுப்பறைப் பாடம் தவறிப்போவதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். படுக்கையருகில் பேச்சே இல்லாமல் போவதுதான் குறை.

பகல் 11 மணிக்குப் போய்த் துறைத் தலைவரைப் பார்த்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவதும் வழக்கமான பிழை. அந்த நேரத்தில் எந்தத் துறையும் ஒழுங்காகத்தான் தெரியும். முடிந்தால் அனுமதி பெற்று, சனிக்கிழமை இரவு 108 ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் வேளையில் ஓரமாக நின்று பாருங்கள். கூடவே சிறிய பொருள்களையும் கவனியுங்கள். பாம்புக்கடி நோயாளிக்குச் செய்யும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது, விடை தவறிப்போகும். கண்ணாடி விரியன் கடித்தவர்கள் வரும் ஊரில், கண்ணாடிக் குழாய் எங்கே என்று கேட்டால் செவிலியர் உடனே எடுத்துக் காட்டும் துறை, மற்ற விஷயங்களிலும் கவனமாக இருக்கும் என்று நம்பலாம். அந்தக் குழாய் சொல்வதைப் புதிய வென்டிலேட்டர் எப்போதும் சொல்லிவிடாது.

மருத்துவமனை பெரியதாக இருந்தால் எல்லா வகை நோயாளிகளும் வருவார்கள் என்று எண்ணுவது அடுத்த தவறு. சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அளவிலும் வரலாற்றிலும் முன்னால் நிற்பது; ஆனால் குழந்தைகளுக்கும் மகப்பேறுக்கும் எழும்பூரில் தனித்தனி மருத்துவமனைகள் இருக்கின்றன. இத்தகைய அமைப்பில், வலிப்போடு வரும் ஒரு வயதுக் குழந்தையையும் ரத்தப்போக்கோடு வரும் கர்ப்பிணியையும் அவசர மருத்துவ மாணவர் பார்ப்பது சுழற்சிப் பணியில்தான். அந்தச் சுழற்சி எத்தனை வாரம், அங்கே அவருக்குப் பொறுப்பு தருகிறார்களா, வெறும் பார்வையாளராக நிறுத்துகிறார்களா என்பதைக் கேட்காமல் விடக்கூடாது. நெடுஞ்சாலையை ஒட்டிய மாவட்டக் கல்லூரி ஒன்றில் விபத்துக் காயம், பாம்பு, தேள், அரளி விதை, குழந்தை, முதியவர் என எல்லாம் ஒரே வாசலில் வரக்கூடும். பெயர் சிறியது என்பதற்காக அதைப் பட்டியலின் அடியில் தள்ளுகிறவர்கள் பலர். முதுநிலை மாணவர்கள் எல்லோரும் மாவட்ட மருத்துவமனையில் செய்யும் மூன்று மாதப் பணியை, சில வகை நோயாளிகளே வராத குறைக்கு மாற்றாகக் கணக்கிட வேண்டாம். அதன் நோக்கம் வேறு.

பணி நேரத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவதும் தவறே. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் போகக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லியிருக்கிறது; தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகளோ எண் எதுவும் குறிப்பிடாமல் நியாயமான பணி நேரம், நியாயமான ஓய்வு என்று நிறுத்திக்கொள்கின்றன. எனவே விதியைக் கேட்பதில் பயனில்லை. கடந்த மாதத்துப் பணிப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அந்த நேரம் எதில் செலவாகிறது என்பதையும் பிரித்துப் பாருங்கள். விபத்துப் பதிவேட்டில் காயங்களைச் சரியாக எழுதுவது, பின்னால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய திறமை. அதைக் கற்கத்தான் வேண்டும். ரத்த மாதிரியோடு ஆய்வகத்துக்கு ஓடுவதும், ஆளில்லாமல் ஸ்கேன் அறைக்கு டிராலி தள்ளுவதும் அப்படிப்பட்டவை அல்ல. பாதுகாப்பைப் பொறுத்தவரை, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிறது. சிவப்புப் பகுதியின் கதவில் இரவில் காவலர் நிற்கிறாரா என்பதே கேட்க வேண்டியது.

இவற்றுக்கெல்லாம் விடை தரக்கூடியவர்கள் இரண்டாமாண்டு மாணவர்கள். முதலாண்டினர் களைப்பில் எல்லாவற்றையும் கரித்துக் கொட்டுவார்கள். இறுதியாண்டினர் பட்டபாட்டை மறந்து பெருமை பேசத் தொடங்கியிருப்பார்கள். ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம், துறைக்கு வெளியே, தனித்தனியாகப் பேசுங்கள். விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிந்தைய சுற்றுகளில் சேர்ந்த இடத்தை விட்டு விலகினால் அபராதமும் வைப்புத்தொகை இழப்பும் காத்திருக்கும், சேர்ந்தபின் தெரியவரும் உண்மைகளை வைத்து இடம் மாற வழி அநேகமாக இருக்காது.