முதல் தெரப்பிக்குப் போகுமுன்

சிங்கப்பூரில் மனநல ஆலோசனை பெற விரும்பினால், முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மனநலக் கழகத்துக்கோ (IMH) பொது மருத்துவமனைக்கோ போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் என்றால், முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டாரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்களைப் பற்றியே பேச வேண்டி வரலாம்.

தனிநபர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். முதல் நாள் கேள்விகளிலேயே கழியும்: தூக்கம், வேலை, குடும்பம், மருந்து, தற்கொலை எண்ணம். கடைசிக் கேள்வி எல்லாரிடமும் கேட்கப்படுவது, பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். சொன்னது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. எவையெவை என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

முதல் சில வாரங்களில் மனம் இன்னும் கனக்கலாம். மூடி வைத்ததைத் திறக்கிறீர்கள் அல்லவா? பலர் இந்த இடத்தில்தான் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். நிற்பதற்குப் பதில், “இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்று ஆலோசகரிடமே சொல்லுங்கள். அவர் வேகத்தைக் குறைப்பார். ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதில் தவறே இல்லை.

குழு சிகிச்சையில் பொதுவாக 6 முதல் 10 பேர், சுமார் 90 நிமிடம். முதல் நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். நம் சமூகம் சிறியது, தெரிந்த முகம் இருந்தால் குழுவை நடத்தும் ஆலோசகரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்த அமர்வுவரை தாங்க முடியாவிட்டால் 1771 (தேசிய மனநல உதவி எண்) அல்லது 1767 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்) அழையுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். உயிருக்கு ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 995.