தைக்கக் கொடுத்த சேர்ட் பொருந்தாமல் போவது ஏன்?

கொழும்பில் சேர்ட் தைப்பிக்க நினைப்பவருக்கு வசதிக்குக் குறைவில்லை. துணிக்குப் புறக்கோட்டை இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று எங்கே குடியிருந்தாலும் நடந்து போகிற தூரத்தில் ஒரு தையற்கடை இருக்கும். அப்படியிருந்தும், ஆசையாகத் தைப்பித்த சேர்ட் மூன்று தடவை தோய்த்த பிறகு அலுமாரியை விட்டு வெளியே வருவதில்லை. பழி தையல்காரர் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலான நேரங்களில், துணியில் கத்தரி படுவதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

முதலாவதும் பெரியதுமான தவறு, கடையில் வாங்கிய துணியை அப்படியே பையோடு கொண்டுபோய்த் தைக்கக் கொடுப்பது. நெய்யும்போதும் பிறகு பதப்படுத்தும்போதும் பருத்தி நூலை இழுத்துப் பிடித்தே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: 16 அங்குலக் கழுத்தில் கிட்டத்தட்ட அரை அங்குலம் போய்விடும், 25 அங்குலக் கையில் முக்கால் அங்குலம் போய்விடும். அளவெடுத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது. அதோடு, கொலருக்குள்ளே வைத்து ஒட்டுகிற கெட்டித் துணி அதே அளவுக்குச் சுருங்காது. மேல்துணி சுருங்கி உள்துணி அப்படியே நிற்கும்போதுதான் கொலரில் கொப்புளம் போட்டது போன்ற சுருக்கங்கள் வருகின்றன.

முன்கூட்டியே சுருக்கிய துணிகளும் உண்டு. அமெரிக்கரான சான்ஃபோர்ட் குளூவெட் 1930இல் காப்புரிமை பெற்ற முறை அது. ‘சான்ஃபரைஸ்ட்’ என்று துணியின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் புறக்கோட்டையில் கிடைக்கும் நல்ல துணிகளில் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சியவை. விலைக்கு மீறிய தரம் அவற்றில் கிடைக்கும், உண்மைதான். ஓரத்தில் எழுத்து இருக்குமா என்பதுதான் சந்தேகம். ஆகவே எந்தத் துணியானாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிடுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, இலேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணிக் கொடுங்கள். பிற்பாடு சேர்ட்டை இளஞ்சூட்டு நீரில் தோய்ப்பதானால் ஊறவைக்கும் தண்ணீரும் இளஞ்சூடாகவே இருக்கட்டும். சுருக்கத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் துணி வாங்க வேண்டும். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கை சேர்ட்டுக்கு சராசரி உடம்புக்காரருக்கு இரண்டு மீற்றர் தாராளம். 36 அங்குல அகலமென்றால் அது போதாது.

‘நூறு வீதம் கொட்டன்’ என்று சொன்னதை நம்பி வாங்குவது அடுத்த தவறு. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும். வருடம் முழுவதும் வியர்க்கிற ஊர் இது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. அதை உறிஞ்சாத துணியோடு காலி வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது உண்மையில் வேதனை. நூலின் இலக்கம் கூடக் கூடத் துணி உயர்ந்தது என்ற எண்ணமும் சரியல்ல. இலக்கம் கூடினால் நூல் மெலியும். 120, 140 என்ற துணிகள் பட்டுப்போல இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். தினமும் வேலைக்குப் போட 80 அல்லது 100இல் பொப்லின் போதும். கசங்காமல் இருக்க வேண்டுமென்றால் சாய்கோடு தெரிகிற டுவில் நல்லது.

இனி அளவு. பழைய சேர்ட் ஒன்றைக் கையில் கொடுத்து ‘இதே மாதிரித் தையுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருபவர்கள் ஏராளம். அந்தப் பழைய சேர்ட்டும் சுருங்கியதுதான், அதன் குறைகளும் சேர்ந்தே பிரதியாகும். அதை உடுத்திக்கொண்டு போங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்பதைத் தையல்காரர் தன் கண்ணால் பார்க்கட்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நாள் முழுக்க அப்படி நிற்கப் போவதில்லை. கழுத்தில் இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். தோள்தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். பின்னால் திருத்த மிகவும் கடினமான இடம் அதுதான். கை நீளத்தை முழங்கையை மடித்தும் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கூடு கட்டுகிற கையின் மணிக்கட்டுப் பட்டிக்குக் கால் அங்குலம் கூட விடச் சொல்லுங்கள். காற்சட்டைக்குள் விடுவீர்களா, வெளியே விடுவீர்களா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; நீளம் அதைப் பொறுத்தது.

ஐந்து துணி வாங்கியிருந்தாலும் முதலில் ஒன்றை மட்டும் தைக்கக் கொடுங்கள். அதைப் போட்டு, இரண்டு முறை தோய்த்து, மறுபடி போட்டுப் பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுக்கலாம். ஐந்தும் ஒரே பிழையோடு திரும்பி வருவதைப் பார்ப்பதைவிட இரண்டு வாரம் பொறுப்பது எவ்வளவோ மேல். தீபாவளிக்கும் நத்தாருக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் முந்திய வாரங்களில் புது இடத்தில் முதல் சேர்ட்டைக் கொடுக்காதீர்கள். அந்த நாட்களில் உங்களுக்காக நின்று நிதானமாக அளவெடுக்க அவருக்கு நேரமிருக்காது.

பராமரிப்பில் வெள்ளைச் சேர்ட்டைக் கெடுப்பது குளோரின் பிளீச். அக்குள் மஞ்சளாவதற்குக் காரணம் வியர்வையும் வியர்வை தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினியமும் கலப்பது. அதன்மேல் குளோரின் பட்டால் மஞ்சள் இன்னும் கூடலாம், நூலும் நலியும். நீலம் போட்டால் கறை மறையும், போகாது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, தோய்ப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னே கறையில் பூசி வையுங்கள். புதுக் கறைக்கு நன்றாக உதவும். சிலர் வினாகிரியும் பாவிப்பார்கள். அதை ஒருபோதும் குளோரினோடு சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

லோண்டரியில் போட்டுத் தருகிற பொலித்தீன் உறையை உடனே கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் அதற்குள் அடைபட்ட ஈரம் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். கஞ்சி போட்ட சேர்ட்டை மாதக்கணக்கில் அலுமாரியில் வைத்தாலும் அதே கதைதான், பூச்சியும் சேர்ந்து வரும். கொலருக்குள் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பட்டி இருந்தால் தோய்க்க முன் எடுத்துவிடுங்கள். அயர்ன் சூட்டில் அது வளைந்து தடம் பதிக்கும். கொலரை முனையிலிருந்து நடுவை நோக்கி அயர்ன் பண்ணினால் முனையில் சுருக்கம் சேராது.

எடுக்கப் போகும்போது மிஞ்சிய துணியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். சேர்ட்டில் முதலில் தேய்வது கொலரின் மடிப்பு; உடம்புப் பகுதி அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் உழைக்கும். கொலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைக்கலாம். அதுவும் தேய்ந்துவிட்டால் மிஞ்சிய துணியில் புதிதாகவே வெட்டிப் போடலாம். பழைய தையல்காரர்களுக்கு இது கைவந்த வேலை. அந்தத் துண்டையும் சேர்ட்டோடு சேர்த்து அவ்வப்போது தோய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் நிறம் பொருந்தாது.